கம்பியில் கட்டிய சாமந்தி மாலை

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று நான் சொல்லப் போவதில்லை. அதை உங்கள் கையே கொஞ்ச நாளில் கற்றுக்கொள்ளும். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் எழுதுகிறேன், நீங்களும் மெதுவாகவே படியுங்கள். கூட்டம் சேர்ந்து டூர் போகிற மோட்டார் சைக்கிள்காரர்கள் இன்றைக்கும் வருகிறார்கள். சிரிப்பும் கேலியுமாக வந்து இறங்குவார்கள். அப்போது வண்டியை மட்டும் பார்த்தால் போதாது. ஏன் என்பதை ஒரு நாள் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

நான் நகரிப் பக்கத்துப் பெண். கல்யாணம் ஆகித் திருப்பதிக்கு வந்தேன். மலை அடிவாரத்துக்குப் போகிற ரோட்டில் என் வீட்டுக்காரர் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை வைத்திருந்தார். முதலில் காற்று அடித்தேன். பிறகு டியூபுக்கு ஒட்டுப் போட்டேன். அவர் இல்லாத நேரத்தில் வந்த வண்டிகளைத் திருப்பி அனுப்ப மனசு வராமல் மற்றதையும் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நான் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் ரோட்டில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிடுவேன். கொஞ்ச காலத்திலேயே சித்தூர் வரைக்கும் அதற்கு 'அக்கா பட்டறை' என்று பெயர் ஆகிவிட்டது. பட்டறை போட்டவர் என் வீட்டுக்காரர், பெயர் எனக்கு. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

அது ஆந்திரா தனியாகப் பிரிந்த பிறகு, எல்லை எங்கே என்று முடிவாகாமல் இருந்த காலம். திருத்தணி யாருக்கு, புத்தூர் யாருக்கு, சத்தியவேடு யாருக்கு என்று டீக்கடைக்கு டீக்கடை சண்டை. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கம் கத்துவான், தம்பி இன்னொரு பக்கம் கத்துவான். அந்தச் சமயத்திலும் ஒரு மோட்டார் சைக்கிள் கூட்டம் ஆண்டுக்கு ஒரு தரம் மலைக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தது. பாதிப் பேர் மெட்ராஸ்காரர்கள், பாதிப் பேர் சித்தூர், புத்தூர் பக்கத்தவர்கள். எல்லைச் சண்டையை அவர்களும் போடுவார்கள், ஆனால் சிரித்துக்கொண்டே. மெட்ராஸ்காரன் வண்டி புகை விட்டால், ஆந்திரா காற்று அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். சித்தூர்க்காரன் இரண்டாவது தரம் சாம்பார் கேட்டால், அது மெட்ராஸ் ராஜ்யத்துச் சாம்பார், உனக்குப் பாத்தியதை இல்லை என்பார்கள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பழைய டியூபை வளையமாக வெட்டி ஒருவர் பையில் வைத்திருப்பார்கள். டூரில் யாருடைய வண்டி முதலில் மக்கர் பண்ணுகிறதோ அவர் கழுத்தில் அதை மாட்டிவிடுவார்கள். ஊர் திரும்பும்வரை அவர்தான் மாப்பிள்ளை. சாப்பாட்டுக் கடையில் மாப்பிள்ளைக்கு முதல் இலை போடச் சொல்வார்கள். பெட்ரோல் போடுகிறவனிடம் மாப்பிள்ளைக்குச் சம்பந்தி மரியாதை கேட்பார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நின்றுபோன வண்டியை விட்டுவிட்டு ஒருவரும் முன்னால் போகமாட்டார்கள். ஒருவர் பையில் கிளட்ச் ஒயர் இருக்கும், இன்னொருவர் பையில் பிளக் இருக்கும். தன் வண்டிக்கு வேண்டுமே என்று பார்க்காமல் கழற்றிக் கொடுப்பார்கள். கேலி பண்ணிய வாயே, ராத்தங்கல் போட்ட இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடிக்கும்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் சாமான் வாங்க ரேணிகுண்டாவுக்குப் போயிருந்தார். வெயில் ஏறுகிற நேரத்தில் கூட்டம் வந்து இறங்கியது. முன்னால் வருகிறவரை எல்லாரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டு போனவராம். அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பேசுவதற்கு முனிரத்தினம் இருந்தான். சித்தூர்க்காரன். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பான், இரண்டிலும் கேலிதான். கடைசியில் வந்தவன் சம்பந்தம். புத்தூரில் மாவு மில் வைத்திருந்தவன், கூட்டத்துக்குப் புதுசு. அவன் வண்டிக்குப் பக்கத்தில் சைடு கார் இருந்தது. அதை எங்கள் பக்கத்தில் தொட்டி என்போம். தொட்டியில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தார்.

அந்த அம்மாவுக்கு வேண்டுதல். மகன் விஷக்காய்ச்சலில் கிடந்து பிழைத்தபோது, தன் தலைமுடியைத் தருவதாக மலைச் சாமியிடம் சொல்லியிருந்தார். முட்டிவலியால் படி ஏற முடியாது. மகன், என் வண்டியிலேயே உன்னை மேலே கொண்டுபோய் இறக்குகிறேன் என்று ஊர் பூராவும் சொல்லிவிட்டான். கிளம்பும்போது தெருவே வந்து வழியனுப்பியதாம். இதையெல்லாம் அந்த அம்மா தொட்டியிலிருந்து இறங்கி, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி நிமிர்ந்துகொண்டே என்னிடம் சொல்லி முடித்தார்.

மலைக்கு அப்போது ஒரே வண்டிப் பாதைதான். ஏறுகிற வண்டிகளைக் கொஞ்ச நேரம் விட்டு, பிறகு கேட்டை மூடிவிட்டு இறங்குகிற வண்டிகளை விடுவார்கள். அதனால் அவர்களுக்கு அவசரம். காற்றுப் பார்த்துவிட்டு உடனே கிளம்ப வேண்டும். வண்டிகளுக்கு மாலை போட்டாகிவிட்டது, சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சம்பழமும் கையில் இருந்தது. மாலை எல்லார் வண்டியிலும் முன்விளக்கில் தொங்கியது. சம்பந்தத்தின் வண்டியில் மட்டும் முன்விளக்கில் ஒரு முழம் பூ, பெரிய சாமந்தி மாலை வண்டியையும் தொட்டியையும் சேர்க்கிற பின் கம்பியில் சுற்றிக் கட்டியிருந்தது. நான் அதைப் பார்த்தேன், அந்த நேரத்தில் ஒன்றும் நினைக்கவில்லை.

முனிரத்தினம்தான் நினைக்க வைத்தான்.

"ஏமய்யா சம்பந்தம், எல்லைக் கமிஷன் முதல்ல ஒன் வண்டிக்குத்தான் வரணும். நீ ஆந்திராவுல ஓட்டிக்கினு வர்ற, ஒங்கம்மா மெட்ராஸ் ராஜ்யத்துல ஒக்காந்துக்கினு வர்றாங்க. நடுவுல இருக்குற இந்தக் கம்பிதான் பார்டரு."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார். சம்பந்தமும் சிரித்தான், ஆனால் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு. சிரிக்கும்போதே அவன் கை போய் அந்த மாலையைச் சரி செய்தது.

நான் தொட்டிச் சக்கரத்துக்குக் காற்றுப் பார்க்கிற மாதிரி குனிந்தேன். பூவுக்கு நடுவில் கட்டுக்கம்பியின் முனை தெரிந்தது. துரு இல்லாத புதுக் கம்பி. வழியில் எங்கேயோ நிறுத்தி, ஒருவருக்கும் தெரியாமல் கட்டி, மேலே மாலையைச் சுற்றியிருக்கிறான். உள்ளே தொட்டியின் கம்பி விரிந்திருந்தால்தான் ஒருவன் அப்படிக் கட்டுவான். தொட்டியைச் சேர்க்கிற அந்தப் பின் கம்பி தரை ரோட்டில் விட்டுப்போனால் தொட்டி ஒரு பக்கம் இழுக்கும், வண்டி நிற்கும். மலை வளைவில் விட்டால் அந்த அம்மா எங்கே போவார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? 'இதோ பாருங்கள், கம்பி உடைந்திருக்கிறது' என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவீர்கள். நானும் அதற்கு முன்னால் இரண்டு மூன்று பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். கூட்டத்தின் நடுவே வைத்துச் சொன்னால், வண்டிக்காரன் அதெல்லாம் ஒன்றுமில்லை என்று உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விடுவான். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால், சரி அக்கா, மெதுவாகப் போகிறேன் என்பான். அப்போதும் போய்விடுவான். சம்பந்தம் புது ஆள். அந்த டியூப் கழுத்தில் விழக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு தூரம் மறைத்துக்கொண்டு வந்திருக்கிறான். பெற்ற தாயை ஏற்றிக்கொண்டு ஒரு மகன் இப்படிச் செய்வானா என்று உங்களுக்குத் தோன்றும். செய்வான். கூட்டாளிகள் சிரிப்பார்கள் என்கிற பயம் அப்படிப்பட்டது. அவன் கெட்டவன் இல்லை, மலை ஏறுவதற்குள் ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டவன்.

நான் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, மலைக்குப் போகிற வண்டி எதையும் கை வைத்துப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை என்று சொன்னேன். அப்படி ஒரு வழக்கம் என் பட்டறையில் அதுவரைக்கும் கிடையாது. முனிரத்தினம், அக்கா கேட்டு மூடிடுவாங்க, போன வருஷம் இந்தச் சட்டம் இல்லையே என்றான். போன வருஷம் நீயும் இவ்வளவு பேசவில்லை என்றேன். முதலில் கேப்டன் வண்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்று சொல்லி அவர் பக்கம் போனேன்.

கேப்டனுக்குப் பிடிக்கவில்லை. நேற்றுத்தான் எல்லாம் இறுக்கினேன் என்று முகம் சுளித்தார். ஆனாலும் என்னோடு சேர்ந்து குனிந்தார். பின் பிரேக் ராடின் நட்டில் நான் கை வைத்தேன், அவரும் வைத்தார். கெட்டியாக இருந்தது. அடுத்து என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். என் கண் தன்னால் அந்தச் சாமந்தி மாலைக்குப் போயிற்று. அவர் கண்ணும் பின்னாலேயே போயிற்று. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நட்டு லூஸா இருக்குது" என்றார்.

கேப்டன் வண்டியில் குறை என்பதை அவர்கள் அதுவரை கேட்டதே இல்லை. அவர் முனிரத்தினத்தைப் பார்த்து, "என்னா பாக்கிற? எடு அந்த டியூப் மாலைய" என்று தலையைக் குனிந்தார். முனிரத்தினத்துக்குக் கை வரவில்லை. அவரே அவன் பையிலிருந்து டியூபை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அப்புறம் பட்டறையே அதிர்ந்தது. ஒருவன் மாப்பிள்ளைக்கு வயசு கொஞ்சம் கூட என்றான். ஒருவன் பெண் வீட்டார் மெட்ராஸா ஆந்திராவா என்று விசாரித்தான். கேப்டன் எல்லாவற்றுக்கும் மாப்பிள்ளை மாதிரியே தலையாட்டிக்கொண்டு நின்றார். கெட்டியாக இருந்த நட்டையே நான் ஸ்பேனர் வைத்து இறுக்குகிற மாதிரி இறுக்கினேன்.

அடுத்து முனிரத்தினத்தின் வண்டி. அதில் ஒரு குறையும் இல்லை, எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். அதற்கடுத்த வண்டியில் செயின் தொங்கியது. நான் செயினை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அக்கா, இருங்க. என்னுத நானே காட்டுறேன்."

சம்பந்தம் மாலையை அவிழ்த்தான். முடிச்சு இறுகியிருந்தது, இழுத்துப் பிய்த்தான். பூவெல்லாம் தரையில் கொட்டியது. கீழே கட்டுக்கம்பிச் சுற்று, அதற்குக் கீழே விரிசல். சேருகிற இடத்தில் முக்கால் வட்டத்துக்கு மேல் கம்பி விட்டிருந்தது.

அதைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். குறையை நாம் கண்டுபிடித்துச் சொல்வதைவிட, வண்டிக்காரன் தானே சொல்லும்படி இடம் விடுவது பெரிய வேலை. அந்த இடத்தை அன்றைக்கு விட்டவர் கேப்டன். நான் வழியைத்தான் திறந்தேன், தலையைக் குனிந்தவர் அவர்.

அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே. ஒருவர் தன் வண்டியின் முன் மட்கார்டிலிருந்து கிளாம்பைக் கழற்றினார். ஒருவர் பட்டை இரும்புத் துண்டு கொண்டுவந்தார். இரண்டு பேர் மல்லாந்து படுத்துக்கொண்டார்கள். எலும்பு முறிந்த கைக்குக் கட்டுப் போடுகிற மாதிரி, கம்பிக்கு இரண்டு பக்கமும் பட்டை வைத்துக் கிளாம்பால் இறுக்கினார்கள். நல்ல கட்டு, குறை சொல்ல முடியாது. கேப்டன் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு, மெதுவாகப் போனால் தாங்கும் என்றார்.

சம்பந்தத்தின் முகத்தில் உயிர் வந்தது. கேட் மூடுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வளைந்து வளைந்து ஏறும்போது தொட்டி ஒரு தரம் கம்பியைத் தள்ளும், ஒரு தரம் இழுக்கும். புத்தூர் போய்ச் சேர அந்தக் கட்டு போதும். மலைக்குப் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. கேப்டனுக்கும் தெரியாது. வேலை செய்த கைகளை வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அப்போது எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். "கட்டு நல்ல கட்டுதான். அந்த அம்மா வேற வண்டியில வரட்டும். தொட்டியில ஒங்கள்ல ஒருத்தர் ஒக்காந்து போங்க."

ஒருவரும் முன்னால் வரவில்லை. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். முனிரத்தினம் மலையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அக்கா, எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்குது" என்றான்.

தள்ளிக் கல்லின்மேல் உட்கார்ந்திருந்த அந்த அம்மா, "எனக்கு மட்டும் யாருமில்லியா?" என்றார்.

முதலில் கேப்டன் சிரித்தார், பிறகு எல்லாரும். சம்பந்தம் மட்டும் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். அந்த அம்மா எழுந்து அவன் பக்கத்தில் வந்தார்.

"புத்தூர் தாண்டி வரச்சொல்லவே தொட்டி ஆடிச்சுடா. நீ எறங்கி எறங்கிப் பாத்ததும் தெரியும். புள்ள பூ வைக்கிறான்னு இவங்க நெனச்சாங்க. எனக்குத் தெரியாதா? ஒன் மானம் போவக் கூடாதுன்னுதான் ரெண்டு பக்கமும் புடிச்சிக்கினு வந்தேன்."

இரண்டு பேரும் ஒருவர் மானத்தை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு, அந்த விரிசலின்மேலேயே உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். ஊரில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேனே என்று சம்பந்தம் முணுமுணுத்தான். பஸ்ஸில் போனால் சாமி முகத்தைத் திருப்பிக்கொள்ளுமா என்று அந்த அம்மா கேட்டார். பஸ்ஸுக்கு மலை அடிவாரத்தில், அலிபிரியில் நிற்கிற கூட்டம் எனக்குத் தெரியும், அந்த முட்டியை வைத்துக்கொண்டு அவரால் நிற்க முடியாது. தொட்டியைக் கழற்றிவிட்டால் மகனுக்குப் பின்னாலேயே உட்காரலாமே என்றேன்.

கட்டிய கைகளே கழற்றின. கட்டுவதைவிடச் சீக்கிரமாகக் கழற்றினார்கள். ஒருவர் தன் கம்பளியை மடித்துப் பின் சீட்டில் போட்டார். கேப்டன், ஒரு பக்கமாக உட்கார்ந்தால் வளைவில் சிரமம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நடவுக்கு இறங்குகிற மாதிரி சேலையைத் தூக்கி வரிந்து கட்டி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஆண்பிள்ளை மாதிரி காலைப் போட்டு ஏறி உட்கார்ந்தார். கூட்டமே தரையைப் பார்த்தது. "இன்னாத்துக்கு எல்லாரும் மண்ணப் பாக்கிறீங்க? சேத்துல நின்ன காலுதான்" என்றார். வண்டிகள் கிளம்பிப் போயின. கேட் மூடுவதற்குள் போய்விட்டார்கள் என்று பின்னால் வந்த ஜட்காக்காரர் சொன்னார்.

அப்புறம்தான் எனக்குப் பயம் வந்தது. சோறு இறங்கவில்லை. தொட்டியை வேண்டாம் என்றேன், சரி. பழக்கமில்லாத அம்மாவைப் பின்னால் ஏற்றி அனுப்பியது சரியா? என் வீட்டுக்காரர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பற்றவைக்கலாம் என்று தொட்டியைத் திருப்பிப் போட்டு, கட்டை அவிழ்த்துக் கம்பியின்மேல் காலை வைத்தார். பெரிதாக அழுத்தக்கூட இல்லை. கம்பி இரண்டாக வந்துவிட்டது. அவர் இரண்டு துண்டையும் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன்.

வெயில் தாழ்ந்தபோது மேலிருந்து வண்டிச் சத்தம் வந்தது. ரோட்டுக்கு ஓடினேன். முதலில் கேப்டன், கழுத்தில் டியூபோடு. மலைமேல் எதிரே வந்த பக்தர்கள் என்ன வேண்டுதலோ என்று அவரைக் கும்பிட்டார்களாம். அடுத்து முனிரத்தினம். அடுத்து ஒவ்வொருவராக. சம்பந்தத்தைக் காணவில்லை. நான் கேட்பதற்கு முன்னாலேயே முனிரத்தினம் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு பின்னால் கை காட்டினான்.

நல்ல மெதுவாக வந்தது அந்த வண்டி. பின்னால் அந்த அம்மா, மொட்டைத் தலையில் சந்தனம், மடியில் பிரசாதப் பொட்டலம், ஒரு கையால் மகனின் இடுப்பைப் பிடித்திருந்தார். சம்பந்தத்தின் காது இரண்டும் சிவந்திருந்தது. இறக்கிவிடப் போனால் அந்த அம்மா இறங்க மாட்டேன் என்றார். நான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

தொட்டியை நல்ல கம்பி போட்டு ஒரு வாரத்தில் தருகிறோம், அதுவரை இங்கே இருக்கட்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அந்த அம்மா அவசரமில்லை என்று கையை ஆட்டினார்.

"அதுல ஒக்காந்தா நான் பேசறது இவனுக்குக் கேக்காதுப்பா. இங்க காதுக்கிட்டவே இருக்கேன். ஏறச்சொல்ல திட்ட ஆரம்பிச்சேன், எறங்கியும் முடியல. புத்தூருக்குள்ள முடிச்சிடுவேன்."

சம்பந்தம் என்னைப் பார்த்துச் சிரித்தான். இந்தத் தரம் எல்லாருக்கும் முன்னால் சிரித்தான். வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் புத்தூர் ரோட்டில் திரும்பின. அத்தனை மோட்டார் சத்தத்துக்கும் மேலே, கண்ணுக்கு மறைகிற வரைக்கும், அந்த அம்மா மகனைத் திட்டுகிற குரல் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.